நன்னூற் பொதுப்பாயிரமும் இணையவழிப் பாடஞ்சொல்லலும்

முன்னுரை

நூல் ஒன்று இயற்றப் புகுவோர் நூலின் இலக்கணத்தை மட்டும் கூறி அமையாது, அதனை உரைப்போன் யாவன், கேட்போன் யாவன், உரைக்கும் நெறி யாது, கேட்கும் நெறி யாது என்பனவற்றையும் முதற்கண் வரையறுத்துக் கோடல் தமிழ் மரபாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தே சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் செய்த பவணந்தி முனிவர், இம்மரபினைத் தம் நூன்முகத்தே ஐந்து கூறுகளாக வகுத்து அமைத்தார். நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தன் வரலாறும் அங்கே முறைப்படக் கிடக்கின்றன. இக்கருத்துகளுட் பல பவணந்தியார்க்கு முன்னரே உரையாசிரியர் மரபில் வழங்கியவை. அவற்றை ஒருங்கு தொகுத்து ஓர் ஒழுங்குபடுத்திய பெருமை அவரதே.

பொதுப்பாயிரத்தை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். தேர்வில் வினாவும் எழுப்புகின்றோம். ஆயின் அதனை நமக்கே உரிய நூலாக, நம் தொழிலை அளக்கும் கோலாகக் கொள்கின்றோமா என்பது ஐயத்திற்குரியது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நோய்த் தொற்றினாற் கல்லூரிகள் மூடப்பட்டபோது பாடஞ்சொல்லும் இடம் ஒரே நாளில் மாறிற்று. வகுப்பறை திரையாயிற்று, ஏடு மின்கோப்பாயிற்று, ஆசிரியர் குரல் கம்பியிலும் காற்றிலும் பயணஞ் செய்து மாணவரை அடைந்தது. கல்லூரிகள் மீளத் திறந்த பின்னரும் இப்புது முறை முற்றும் நீங்கிற்றில்லை. எனவே இணையவழிக் கற்பித்தலில் ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்பதும், அப்பயிற்சியில் உடற்குறையுடைய மாணவரும் பாடத்தை எய்துமாறு செய்யும் நெறி இடம்பெறல் வேண்டும் என்பதும் இன்று பலராலும் பேசப்படுகின்றன. இப்பயிற்சியை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? பொதுப்பாயிரமே அதற்கு ஓரளவு உதவும் என்பதும், அப்பாயிரத்தின் ஒரு பகுதியை நாம் இன்று மறுத்தே தீரவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

பாயிரங் கூறும் ஆசிரியன்

நல்லாசிரியனுக்குப் பவணந்தியார் காட்டும் உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். இவற்றைப் பொதுவான புகழுரைகளாகக் கருதிக் கடந்து செல்லுதல் வழக்கம். உற்று நோக்கின், ஒவ்வொன்றும் ஆசிரியன் தன்மையை மட்டுமன்றி, அவனுக்கும் கற்போனுக்கும் இடைப்பட்ட உறவையும் சுட்டுதல் புலனாகும். நிலம் உழுவோன் முயற்சிக்கு ஏற்பப் பயன்தருவது. மலை சேய்மையில் நிற்போர்க்கும் தோன்றுவது. மழை வறந்த காலத்தும் வளந்தருவது. நிறைகோல் ஐயந்தீர அளவை உணர்த்துவது, ஒருபாற் சாயாதது. மலர் யாவராலும் விரும்பிக் கொள்ளப்படுவது. உரிய பொழுதில் முகம் மலர்வது. நான்கு உவமைகளிலும் கொள்வோன் ஒருவன் மறைந்து நிற்கின்றான். உழுவோன் இன்றி நிலத்திற்குப் பயன் இல்லை; நிறுப்போன் இன்றி நிறைகோலுக்கு வேலை இல்லை.

பாடஞ்சொல்லலின் வரலாற்றில் இவ்வுறவு மேலும் தெளிவாகின்றது. காலமும் இடமும் அறிந்து, சொல்லப் போவதனை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்தி, விரைவும் வெகுளியும் இன்றி, முகமலர்ந்து, கற்பவன் எவ்வகையாற் கொள்ள வல்லனோ அவ்வகையை உணர்ந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு கொடுத்தல் வேண்டும் என்பது நூற்பாவின் கருத்து. இங்கே கருதத்தக்கது கற்பவன் கொள்ளும் வகை என்பதே. ஆசிரியன் தனக்கு எளிதாகிய வகையிற் கொடுத்தல் அன்று. கொள்வோனுக்கு இயன்ற வகையிற் கொடுத்தலே பாடஞ்சொல்லல் ஆகும். அமெரிக்க நாட்டில் 1984-இல் தோன்றிய 'காஸ்ட்' என்னும் நிறுவனம் 'கற்றலுக்கான அனைவர்க்கும் பொதுவாகிய வடிவமைப்பு' என்னுங் கோட்பாட்டை வகுத்தது. ஒரே பொருளைப் பல வாயில்களாற் காட்டுதல், கற்றதனைப் பல வழிகளால் வெளிப்படுத்த இடந்தருதல், கற்பவர் ஈடுபாட்டைப் பல வகையால் எழுப்புதல் என்பன அதன் மூன்று கூறுகள். இக்கோட்பாடு பவணந்தியார் அறிந்தது என்று கூறுதல் பொருந்தாது, அது மிகையாகும். ஆயினும் அக்கோட்பாட்டைத் தமிழாசிரியர் ஏற்றுக்கொள்வதற்கு வேற்று நாட்டுச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை என்று கூறுதல் தகும்.

மடற்பனை

ஆசிரியர் ஆகார் இலக்கணத்திற்குக் காட்டப்பெறும் உவமைகளும் நான்கே. இட்ட முறை பிறழ்ந்து காய்களைக் கொட்டும் கழற்குடம் ஒன்று. அரிதிற் கொண்டு, கொண்டதனைப் பிறர்க்கு எளிதில் ஈயாத பருத்திக் குண்டிகை ஒன்று. வளர்த்தோன் ஒருவனாக, வேறொருவனுக்குப் பயன்படும் முடத்தெங்கு ஒன்று. தானே உதிர்த்தால் அன்றி, அணுகியோர் ஏறிப் பறிக்க இடந்தராத மடற்பனை ஒன்று.

இவற்றுள் மடற்பனை இக்கட்டுரைக்கு உயிர்நாடியாவது. பனையில் பழம் இல்லை என்று யாரும் கூறார். பழம் நிரம்ப உண்டு. ஏற வருவோனுக்கு வலிமை இல்லை என்றும் கூறுதற்கில்லை. கருக்குடைய மடல்கள் சூழ்ந்து நிற்றலின் அவன் அணுகல் இயலாதவன் ஆகின்றான். குறை ஏறுவோனிடத்தும் இல்லை, பழத்தினிடத்தும் இல்லை; இடையே நிற்கும் தடையில் உள்ளது. மடலைக் களைந்தால் பனை ஏறத்தக்கதாகும்.

உடற்குறை பற்றிய இக்காலக் கருத்தும் இதுவே. கண் காணாமை, செவி கேளாமை முதலியன உடலின் நிலைகள். அவற்றை இயலாமையாக ஆக்குவது சூழலில் உள்ள தடை என்று அறிஞர் வேறுபடுத்திக் கூறுவர். இணையப் பக்கங்களுக்குரிய அணுகல் நெறிமுறைகள் 1999-இல் முதன்முதலாக வகுக்கப்பெற்று, 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் விரிவுபெற்றன. உணரத்தக்கதாதல், இயக்கத்தக்கதாதல், விளங்கத்தக்கதாதல், எக்கருவியிலும் உறுதியுற நிற்றல் என்னும் நான்கு பண்புகளை அவை அடிப்படையாகக் கொள்கின்றன. இந்நான்கும் பக்கத்தின் பண்புகள்; படிப்போனுடைய பண்புகள் அல்ல. தகுதி வேண்டப்படுவது பாடப்பொருளுக்கேயன்றி மாணவனுக்கு அன்று என்பதே இதன் உட்கோள். பவணந்தியார் மடற்பனையை ஆசிரியன் குற்றமாக வைத்தனரேயன்றி மாணாக்கன் குற்றமாக வைத்திலர் என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது.

கொள்வோன்பாற் குறையா?

இதுகாறும் பாயிரத்தின் சிறப்பே கூறப்பட்டது. சிறப்பை மட்டும் கூறி நிற்றல் திறனாய்வு ஆகாது. மாணாக்கனது வரலாற்றைப் படிக்குங்கால் வேறொரு குரல் கேட்கின்றது. மாணவரை அன்னமும் ஆவும், மண்ணும் கிளியும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் எனத் தலை இடை கடை வகுக்குமிடத்து, கல்வி பயன்படாமைக்குக் காரணம் முழுதும் கொள்வோன் இயல்பின்மேல் ஏற்றப்படுகின்றது. நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றும் என்பர். ஊற்றியவர் எவ்வாறு ஊற்றினார் என்னும் வினா ஆண்டு எழுவதில்லை.

இதனினும் கடுமையானது பாடஞ்சொல்லுதற்கு ஆகாதார் பட்டியல். கள்ளுண்டு களிப்போன், கள்வன், படிறன் முதலாயினாரை விலக்கியதற்கு அறம் பற்றிய காரணம் கூறலாம். ஆயின் அதே நிரலில் பிணியனும் மந்தனும் நிற்கின்றனர். நோயுற்றமையும், விரைந்து கொள்ளாமையும் ஒழுக்கக் குற்றங்களோடு ஒருங்கு எண்ணப்பட்டன. இவ்விருவரும் கற்பிக்கப்படத்தகார் என்பது அந்நூற்பாவின் முடிபு.

உரையாசிரியர் சார்பில் நின்று இதற்கு அமைதி கூறலாம். குருகுலத்தில் மாணவன் ஆசிரியனுடன் உறைந்து ஏவல் செய்து கற்பவன் ஆகலின், தீராப் பிணியுடையான் அவ்வாழ்க்கைக்கு ஆற்றான் எனக் கருதியிருக்கலாம். இவ்வமைதி அக்கால நிலையை விளக்குமேயன்றி இக்காலத்தில் நம்மைக் காவாது. நோயுற்றோன் தன் இல்லத்தில் இருந்தே பாடங்கேட்கவும், விரைந்து கொள்ளாதோன் ஒரே விளக்கத்தைப் பன்முறை திரும்பக் கேட்கவும் இணையம் இடந்தருகின்றது. விலக்கியதற்குரிய காரணம் நீங்கிய பின்னும் விலக்கு நீடிக்குமாயின், அது மரபு ஆகாது, பழக்கமே ஆகும்.

அவ்விலக்கு இன்று நீடிக்கவில்லையா? ஏட்டளவில் நீங்கிற்று. இந்திய நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் வந்தது. முன்னை ஏழு வகை என வரையறுக்கப்பட்ட குறைபாடுகள் 21 வகையாக விரிந்தன. அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசின் உதவிபெறும் நிலையங்களிலும் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடங்கள் ஒதுக்கப்பட்டன. அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்க்குரிய கல்விப் பாடங்களில் மாற்றுத்திறன் பற்றிய பகுதி ஓர் உறுப்பாக அமைதல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிலையங்களுக்குரிய அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. வாயில் திறந்தாயிற்று. உள்ளே வந்த மாணவன் கையில் நாம் கொடுக்கும் பாடம் அவனாற் படிக்கத்தக்கதா என்பதே எஞ்சி நிற்கும் வினா. படிக்கத்தகாத பாடத்தைக் கொடுத்துவிட்டு அவன் தேர்ச்சி பெற்றிலன் என்றால், பிணியனை விலக்கிய பழைய நூற்பா வேறு உருவில் நம்மிடையே உயிரோடு உள்ளது என்க.

இவ்விடத்தே நம் இலக்கிய வரலாறு ஒரு செய்தியை நினைவூட்டுகின்றது. பதினேழாம் நூற்றாண்டினராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கட்புலன் இழந்தவர். சேயூர்க் கலம்பகமும் திருக்கழுக்குன்றப் புராணமும் பாடியவர். அவர் முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டி அவருக்கு எழுத்தறிவித்தனர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. இது வரலாறாயினும் ஆகுக, புனைவாயினும் ஆகுக. கண்ணாற் கொள்ள இயலாதவனுக்கு மெய்யாற் கொள்ளும் வகையை ஓர் ஆசிரியர் கண்டார் என்று எண்ணிய தமிழ்ச் சமுதாயம், நூற்பாவின் விலக்கினும் உயர்ந்த ஓர் அறத்தை உள்ளத்தே போற்றியது என்பது தேற்றம்.

காற்கூற்றுக் கணக்கு

இனி ஆசிரியப் பயிற்சிக்கு வருவோம். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை அடுத்துப் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்க்கெனப் பயிற்சிக் கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்களில் நிறுவிற்று. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறி, 2023 முதல் மாளவியா பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கி வருகின்றன. இணையவழிப் பாடங்களுக்கு முன்னோடியாக 2003-இல் 'என்.பி.டெல்.' திட்டமும், பொதுத் தளமாக 2017-இல் 'சுவயம்' தளமும் அமைந்தன. ஆசிரியர்க்குரிய புத்தொளிப் பயிற்சியையே இணையவழி நடத்தும் திட்டம் 2018-இல் தொடங்கிற்று. ஆகவே பயிற்சிக்கு நிறுவனம் இல்லை என்று குறைகூறுதற்கில்லை. குறை பயிற்சியின் அமைப்பில் உள்ளது.

பாடங்கேட்டலின் வரலாற்றில் பவணந்தியார் ஒரு கணக்குக் கூறுகின்றார். ஆசிரியன் சொன்னதனை எத்துணை நன்றாகக் கேட்டாலும் புலமையில் நாலில் ஒரு கூறே கிட்டும். உடன் கற்போருடன் பயிலுதலால் மற்றொரு கூறு கிட்டும். தான் பிறர்க்கு உரைப்பதனால் எஞ்சிய இரு கூறும் நிரம்பும் என்பது அக்கணக்கு. எளிய கணக்கேயாயினும் கல்வியின் இயல்பை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது.

இக்கணக்கைப் பயிற்சிகளுக்குப் பொருத்திப் பார்க்க. இரண்டு அல்லது மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியொன்றில் ஆசிரியர் செய்வது பெரும்பாலும் கேட்டல். அறிஞர் ஒருவர்பின் ஒருவராக வந்து உரையாற்றுவர். பங்கேற்போர் வருகை பதிவாகும். இறுதியிற் சான்றிதழ் கிடைக்கும். பதவி உயர்வுக்கு அது கணக்கிடப்படும். இணையவழியில் நிகழுங்கால் கேட்டலும் ஐயத்திற்குரியதாகின்றது. ஒளிப்படக் கருவியை மூடிவைத்து வேறு அலுவல் பார்ப்போரை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது? ஆகாதார் பட்டியலில் துயில்வோனும் உளன். அவன் மாணவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை.

முழுக் கவனத்துடன் கேட்பினும் கிட்டுவது காற்கூறு. அணுகல் நெறி பற்றிய அறிவுக்கு இது பெரிதும் பொருந்தும். ஏனெனில் அது கேட்டு அறியும் பொருள் அன்று. செய்து பழகும் தொழில். படத்திற்கு மாற்றுரை எழுதுதல் வேண்டும் என்று கேட்ட ஆசிரியர் ஒருவர், 'இது ஒரு படம்' என்று எழுதி நிறுத்திவிடக்கூடும். எது மாற்றுரை என்பது, அப்படத்தைக் காணாதவர் ஒருவர் அதனைக் கேட்டு, 'எனக்கு ஒன்றும் விளங்கவில்லை' என்று கூறும்போதே விளங்கும்.

ஆதலின் பயிற்சியை அக்கணக்கின்படியே வகுத்தல் தகும். நான்கு நாட் பயிற்சியாயின் ஒரு நாள் உரைகேட்டல் போதும். மற்றொரு நாள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் பாடக்கோப்பை மற்றவர் சோதித்தல் வேண்டும். திரையை அணைத்து, சுட்டெலியைக் கைவிட்டு, விசைப்பலகையாலும் செவியாலும் மட்டும் அக்கோப்பினுட் புகுந்து வெளிவர முயலுதல் வேண்டும். எஞ்சிய இரு நாளும் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பாடம் ஒன்றைத் திருத்தியமைத்து, திரைபடிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் முன்னிலையில் உரைத்துக் காட்டுதல் வேண்டும். அம்மாணவரைப் பயிற்சியிற் காட்சிப்பொருளாக நிறுத்தாது, மதிப்பிடுவோராக அமர்த்துதலும், அவ்வுழைப்புக்கு ஊதியம் அளித்தலும் முறையாம். நிறைகோலின் நடுநிலை ஈண்டு அவர் கையில் இருத்தலே நேர்மை.

தமிழ்ப் பாடத்திற்கே உரிய தடைகள்

அணுகல் நெறி பற்றிய பொதுக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நோக்கி எழுந்தவை. தமிழ்த் துறையில் எழும் தடைகள் சிலவற்றை அவை அறியா. அவற்றை நாமே ஆராய்ந்து காணுதல் கடன்.

முதலாவது எழுத்துருத் தடை. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்தது. தமிழக அரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய எழுத்துருக்களில் அமைந்த பாடக்குறிப்புகளும், வினாத்தாள்களும், ஆய்வேடுகளும் இன்றும் நம்மிடையே உலவுகின்றன. 'பாமினி' போன்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று தோன்றுவது கணினியின் உள்ளே தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளின்மேற் போர்த்த போர்வையே. கண்ணுடையார் போர்வையைப் படிப்பர். 2006-இல் தோன்றி இலவசமாக வழங்கப்படும் 'என்.வி.டி.ஏ.' முதலிய திரைபடிப்பான்கள் உள்ளிருப்பதைப் படிக்கும். அவை 'தமிழ்' என்னும் இடத்தில் 'ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி' என ஒலிக்கும். நம் மொழியின் பெயரே இந்நிலை எய்துமாயின், குறுந்தொகை உரையின் நிலையை எண்ணிப் பார்க்க.

இரண்டாவது படிவத் தடை. அரிய பதிப்புகள் பல பக்கம் பக்கமாக ஒளிப்படம் எடுக்கப்பட்டு மின்னூலாகக் கிடைக்கின்றன. அவற்றாற் பெரும்பயன் உண்டு. ஆயினும் திரைபடிப்பானுக்கு அவை வெற்றுத்தாள். எழுத்துணரி கொண்டு எழுத்தாக மாற்றலாம் எனின், 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட எழுத்து வடிவங்களிலும், மங்கிய அச்சிலும், நெருங்கிய அடிக்குறிப்புகளிலும் பிழை மலிதல் இயல்பு. மெய்ப்புத் திருத்துவோர் தேவை. 1998 முதல் தன்னார்வலர் உழைப்பால் நடைபெறும் 'மதுரைத் திட்டம்' பழைய நூல்களைத் தட்டெழுதி எழுத்தாகவே அளித்து வருவதனால், கட்புலன் அற்ற மாணவர்க்கும் அவை பயன்படுகின்றன. அவர்க்கெனத் தொடங்கப்பட்டது அன்றாயினும், அவர்க்கும் உதவுவதாயிற்று. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வுக்குரிய நூலின் ஒரு பகுதியையேனும் இவ்வாறு மெய்ப்புப் பார்த்து அளித்தல் பாடத்தின் உறுப்பாகலாம். பதிப்பியற் பயிற்சியும் உடன் வாய்க்கும்.

மூன்றாவது யாப்புத் தடை. இது தமிழ்க்கே உரியது; இதுகாறும் போதிய கவனம் பெறாதது. செய்யுளை நாம் சீர் பிரித்து அச்சிடுகின்றோம். சீர் எல்லையும் சொல் எல்லையும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. 'வழிதிறந்து வைப்ப தறிவு' என ஒரு வெண்பாவின் ஈற்றடியை அமைத்துக் கொள்வோம். கண்ணாற் படிப்போன் ஒரு நொடியில் 'வைப்பது அறிவு' எனப் பிரித்துணர்வான். பொறி 'வைப்ப' என ஒலித்து நின்று, 'தறிவு' என்னும் இல்லாத சொல்லை ஒலிக்கும். நூறு அடிகளை இவ்வாறு கேட்கும் மாணவன் அடையும் இடர்ப்பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. சொல் பிரித்தே கொடுத்தாற் போதும் எனின் தளையும் ஓசையும் கெடும். யாப்பிலக்கணம் கற்பிக்க இயலாது. ஆதலின் செய்யுட் பாடத்தைச் சீர்பிரிப்பிலும் சொற்பிரிப்பிலும் இரு வடிவாகக் கொடுத்தலும், ஆசிரியர் தம் குரலில் ஒருமுறை ஓதிப் பதிவுசெய்து இணைத்தலும் வேண்டும். இம்மூன்றும் கட்புலன் உடைய முதலாண்டு மாணவனுக்கும் பெருந்துணையாவன என்பதை வகுப்பில் பழகியோர் உடன்படுவர்.

நான்காவது காட்சித் தடை. சித்திரகவி கற்பிக்குமிடத்து நாகபந்தத்தையும் இரதபந்தத்தையும் படமாகக் காட்டி அமைகின்றோம். மாலைமாற்று எழுத்தெழுத்தாகச் செவியால் உணரத்தக்கது. நாகபந்தமோ, பாம்பின் உடல் எங்கே பின்னுகின்றது, எந்தச் சந்தியில் எவ்வெழுத்து இரு அடிக்கும் பொதுவாகின்றது என்று சொல்லால் விளக்கினாலன்றி விளங்காது. அவ்வாறு விளக்கப் புகும் ஆசிரியர், தாம் அதனை முழுதும் உணர்ந்திருந்தோமா என்று தம்மையே வினவும் நிலைக்கு உள்ளாவர். கல்வெட்டுப் படங்களுக்கும் சுவடிப் படங்களுக்கும் இது பொருந்தும். காட்டி முடித்தல் எளிது. சொல்லி முடிக்கப் புலமை வேண்டும்.

ஐந்தாவது கேள்வித் தடை. பாயிரம் கல்வியைச் செவியின்பால் வைத்தது. செவியே உண்ணும் வாயாகவும் நெஞ்சே கொள்ளும் கலமாகவும் கூறிற்று. இம்மரபு கண்ணில்லாதார்க்கு ஓரளவு இடந்தந்தது. செவி கேளாதார்க்கு இடந்தந்திலது. காணொலிப் பாடத்தில் துணைவரிகள் அவர்க்கு இன்றியமையாதன. பொறி தானே எழுதும் துணைவரிகளில் இலக்கணக் குறியீட்டுச் சொற்களும் பழம்பாடற் சொற்களும் சிதைதல் எளிது. ஆசிரியர் பேச்சுவழக்கிற் சொல்லியதனை எழுத்துவழக்கில் தருவதா, பேசியவாறே தருவதா என்னும் வினாவும் உண்டு. செய்யுளையும் இலக்கணச் சொல்லையும் பிழையின்றித் திருத்தி, ஏனைய விளக்கத்தைப் பேசியவாறே விடுதல் நடுநிலை ஆகலாம். இந்தியச் சைகை மொழிக்கென 2015-இல் தனி ஆய்வு மையம் அமைந்தது. தமிழ் இலக்கணக் கலைச்சொற்களுக்கு உரிய சைகைகளை வகுக்குங்கால், அம்மொழி பேசுவோருடன் தமிழ்த் துறையினரும் அமர்தல் வேண்டும்.

இரு மறுப்புகள்

இங்குக் கூறியவற்றிற்கு இரு மறுப்புகள் எழலாம். வகுப்பில் ஒருவரோ இருவரோ உள்ள மாணவர் பொருட்டு ஆசிரியர் இத்துணை உழைத்தல் இயலுமா என்பது ஒன்று. உழைப்பு மிகுதி என்பதை மறுத்தற்கில்லை. வாரத்திற்குப் பல மணிநேரம் வகுப்பெடுத்து, தேர்வுப் பணியும் அலுவலகப் பணியும் ஆற்றும் ஆசிரியர்மேல் இதனையும் வெறுமனே சுமத்துதல் முறையன்று. பருத்திக் குண்டிகை உவமையை ஆசிரியர்க்கு மட்டும் கூறுதல் நேர்மை அன்று. பயிற்சியை ஆணையிட்டு, அதற்குரிய காலத்தையும் கருவியையும் உதவியாளரையும் ஈய மறுக்கும் நிருவாகமும் பருத்திக் குண்டிகையே. ஆயின் உழைப்பிற் பெரும்பகுதி ஒருமுறை செய்வது. ஒருங்குறியில் ஒருமுறை எழுதிய குறிப்பு பல்லாண்டு பயன்படும். துறைதோறும் ஒரு பொதுத் தொகுப்பு அமையின் ஒருவர் உழைப்பு எல்லார்க்கும் ஆகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலை இருபத்தோராம் நூற்றாண்டுக் கருவிகளோடு இணைத்து நோக்குதல் காலமுரண் ஆகாதா என்பது மற்றொன்று. பாயிரத்தில் இணையம் இருந்தது என்று கூறின் அது முரணாகும். அவ்வாறு ஈண்டு யாண்டும் கூறப்பட்டிலது. பாடஞ்சொல்லல் என்னும் தொழில் கருவியொடு மாறினும், கொடுப்போன், கொள்வோன், இடைப்பட்ட வழி என்னும் மூன்றும் மாறவில்லை. அம்மூன்றையும் எண்ணிப் பார்த்த பழைய நூல் ஒன்று நமக்கு உண்டு. அதனைப் போற்றுமிடத்துப் போற்றியும் மறுக்குமிடத்து மறுத்தும் பயன்கொள்ளுதலே அந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று கருத்துகள் பெறப்பட்டன. கற்பவன் கொள்ளும் வகையறிந்து கொடுத்தலே பாடஞ்சொல்லல் என்னும் பாயிரக் கருத்து இணையவழிக் கற்பித்தலுக்கும் அடிப்படையாகத் தக்கது என்பது முதலாவது. பிணியனையும் மந்தனையும் விலக்கிய பகுதி இன்று ஏற்கத்தக்கதன்று என்பதும், அதனை மறுத்தற்குரிய கருத்து அப்பாயிரத்தின் மடற்பனை உவமையிலேயே அமைந்துள்ளது என்பதும் இரண்டாவது. ஆசிரியப் பயிற்சி கேட்டலோடு நில்லாது, உடன்பயிலலும் உரைத்துக் காட்டலும் உடையதாய், காற்கூற்றுக் கணக்கின்படி அமைதல் வேண்டும் என்பது மூன்றாவது.

இவற்றை அரசும் மானியக் குழுவும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. தமிழ்த் துறைகள் தாமே இன்று தொடங்கத்தக்க செயல்கள் சில உள்ளன: வரும் பருவத்துப் பாடக்குறிப்புகளையும் வினாத்தாள்களையும் ஒருங்குறியில் அமைத்தல், ஆய்வேடுகளை ஒருங்குறியிலன்றி ஏற்றுக்கொள்ளாமை, நம் ஆய்விதழ்களைப் படமாக அன்றி எழுத்தாக வெளியிடுதல். இக்கட்டுரையைத் திரைபடிப்பான் வழியாக ஒரு மாணவர் தாமே கேட்டு, இதன் கருத்தை மறுத்து அடுத்த இதழில் ஒரு கட்டுரை எழுத இயலுமாயின், இதன் பயன் நிரம்பிற்று எனக் கொள்ளலாம்.